காப்டன் கை தூக்கினால்

கால்பந்துப் பேச்சை யாராவது எடுத்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். ஆட்டம் புரியாதவள் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். மகாராஜா காலத்து மைசூரில் ஒரு லீக் பருவம் முழுவதையும் வீட்டுக்குள் வைத்துக் குடித்தனம் நடத்தியவள் நான். பத்துப் பேர் வியர்க்க விறுவிறுக்க ஓடிப் பதினோராவது மனிதனைச் சந்தோஷப்படுத்துவதற்குப் பெயர்தான் கால்பந்து என்று அந்தப் பருவத்தில் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் சர்க்கார் இலாகா ஒன்றில் குமாஸ்தா. எந்த இலாகா என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் தனக்கொரு பெருமையாக எடுத்துக்கொள்ளும். சேலத்துப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் உத்தியோகத்துக்காக வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மேலதிகாரிக்கு எழுதும்போது இங்கிலீஷ். மூன்று பாஷையிலும் அவருக்குத் தங்குதடையில்லாமல் வந்தது ‘ஆகட்டும்’ என்ற ஒரு வார்த்தைதான். ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டால் அந்த மனிதரே வேறு. இடது ஓரத்தில் ஆடுவார். வெறுங்காலோடு அவர் நாலு பேரைத் தாண்டிப் போன கதையைச் சந்தைக்குப் போகிற வழியில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னவர்கள் உண்டு. ஆடத் தெரியாதவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இலாகாவின் மேலதிகாரிதான் அணிக்குக் காப்டன். பெங்களூர்த் தமிழர். நாற்பத்தைந்து வயது, அந்த வயதுக்குக் கொஞ்சம் அதிகமான தொப்பை. முன்வரிசையில் நடுவே நின்று கோல் போடும் வேலையைத் தனக்கே எடுத்துக்கொண்டிருந்தார். அணியில் அவர் ஒருவருக்குத்தான் பூட்ஸ். அந்தப் பூட்ஸால் எதிராளிக்குப் பட்டதைவிட எங்கள் ஆட்களுக்குப் பட்டதுதான் அதிகம். சனிக்கிழமை சாயங்காலம் இவர் வீங்கின காலோடு வருவார். நான் மஞ்சளை அரைத்துச் சூடுபண்ணிப் பற்றுப் போடுவேன்.

“யார் மிதிச்சது?”

“காப்டன்.”

“எதிர் ஆளுன்னு நெனச்சுட்டாரா?”

“இல்ல, பந்துன்னு நெனச்சுட்டார்.”

இதைச் சிரிக்காமல் சொல்ல இவரால் முடிந்தது.

காப்டன் ஓடமாட்டார். எதிரணி கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, “இங்கே! இங்கே!” என்று கத்துவார். கை தூக்கினால் பந்து அங்கே போயாக வேண்டும். எழுதாத சட்டம் அது. அப்படி முன்னாலேயே போய் நிற்பது ஆட்ட விதிப்படி தப்பு, விசில் ஊத வேண்டும். ஆனால் விசில் வைத்திருந்தவரும் ஏதோ ஓர் இலாகாவில் மாதச் சம்பளக்காரர்தானே. மற்ற இலாகா அணிகளின் குமாஸ்தாக்கள் காப்டனைக் கிட்டவே நெருங்கமாட்டார்கள். நாளைக்கே அவர் தங்களுக்கு மேலதிகாரியாக மாற்றலாகி வந்துவிடலாம் என்று பயம். கல்லூரி அணிக்காரர்களுக்குப் படிப்பு முடிந்ததும் உத்தியோகம் வேண்டும். ஆகவே எல்லாரும் அம்பாரி யானைக்கு வழிவிடுகிறதுபோல விலகி நிற்பார்கள். கோல் காக்கிறவர்கள்கூட ஒரு மூச்சுத் தாமதித்துத்தான் பாய்வார்கள். அப்படியும் அவர் உதைத்ததில் பாதி வெளியேதான் போகும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நாங்கள் ஜெயித்துக்கொண்டே வந்தோம். ஆபீஸில் காப்டனை சமஸ்தானத்திலேயே முதல் ஆட்டக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். அவரும் அதை நம்பினார்.

லீக் சமஸ்தானம் முழுமைக்குமானது. பெங்களூர், ஷிமோகா, மைசூர் என்று ஊருக்கு ஊர் அணிகள். கோலார் தங்கவயலிலிருந்து சுரங்கத் தொழிலாளிகளின் அணி ஒன்று. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணியோடும் ஆட வேண்டும், கடைசியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவர்களுக்குக் கோப்பை. காகிதத்தில் படித்தால் வெகு ஒழுங்கு. அந்த நாளில் காகிதத்தில் ஒழுங்காக இல்லாதது எதுவுமே இல்லை.

அந்தக் கோப்பை எனக்கு எதற்கு? சொல்கிறேன். நான் அப்போது உபாத்தியாயினிப் பயிற்சிப் பள்ளியில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச்சில் கடைசிப் பரீட்சை. நடுவில் ஊரைவிட்டுப் போனால் படித்த இரண்டு வருஷமும் வீண். திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். எங்கள் இலாகாவிலோ ஒவ்வொரு வருஷமும் டிசம்பரில் மாற்றல் பட்டியல் வரும். இவர் மைசூரில் நாலு வருஷம் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை தப்பமுடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். அப்போதுதான் காப்டன் பயிற்சி முடிந்த ஒரு மாலை அணியைக் கூப்பிட்டு, “கோப்பையை வாங்கிட்டோம்னா உங்கள்ல ஒருத்தரையும் இந்த வருஷம் மைசூரை விட்டு அசைக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார். இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

அதற்கு முன்பே நான் வேறொரு வழி சொல்லிப் பார்த்திருந்தேன். மாற்றல் வந்தால் நீங்கள் போங்கள், நான் பள்ளிக்கூட விடுதியில் இருந்து பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன் என்றேன். தலைமை உபாத்தியாயினி சம்மதித்துவிட்டார், புருஷன் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். இவர் காகிதத்தைத் தொடவே இல்லை. “கல்யாணமானவ விடுதியிலயா? காப்டன் என்ன நெனப்பார்?” என்றார். தன் அம்மா என்ன நினைப்பாள் என்றுகூடக் கேட்கவில்லை பாருங்கள். காப்டன் என்ன நினைப்பாராம்.

ஆகவே நானும் லீக்கைக் கவனிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் வாசல் கதவு சத்தம் கேட்டால் பாதிச் சமையலில் ஓடிவந்து, “என்ன ஆச்சு?” என்பேன். வெட்கக்கேடுதான். இரண்டு வருஷம் போதனா முறையும் பூகோளமும் படித்தவளின் எதிர்காலம் ஒரு தொப்பைக்காரரின் பூட்ஸில் மாட்டிக்கொண்டிருந்தது.

தசரா வந்தது. மூன்று வாரம் லீக் நின்றுபோனது. மைதானத்தில் கூடாரம் போட்டார்கள், குதிரைகளும் யானைகளும் நடந்தன, அதன்மேல் மழையும் பெய்தது. எல்லாம் முடிந்து திரும்ப ஆட வந்தபோது ஒரு கோடியில் முழங்கால் ஆழத்துக்குக் கால்குழிகள். கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்து, மண் கொட்டச் சொல்லி உத்தரவு எழுதினார்கள். உத்தரவு வந்தது, மண் வரவில்லை.

கடைசி ஆட்டம் எங்களுக்கும் தங்கவயல்காரர்களுக்கும். இரண்டு அணிக்கும் சமப் புள்ளி; அன்றைக்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. காப்டனின் மனைவி தன்னோடு வண்டியில் உட்கார்ந்து பார்க்க என்னையும் அழைத்திருந்தார். மைதானத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, திரையைப் பாதி விலக்கிவிட்டுப் பார்த்தோம். நல்ல மனுஷி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் என் பக்கம் சாய்ந்து, “எல்லாரும் இவருக்கே பந்தை அனுப்பறாங்களே, இவர் அவ்வளவு நல்லா ஆடறாரா?” என்று கேட்டார்.

“அப்படித்தான் சொல்றாங்கம்மா.”

“வீட்ல கீழ விழுந்த பேனாவைக்கூடக் குனிஞ்சு எடுக்கமாட்டார். சும்னே கேட்டேன்” என்றார். சும்மா என்பதை மைசூரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

தங்கவயல் ஆட்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவர்களும் தமிழர்கள்தான். ஆனால் ‘ஆகட்டும்’ இல்லாத தமிழ். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறுகிறவனுக்குக் குமாஸ்தாக்களின் மேலதிகாரி யார் என்று தெரிய வேண்டிய அவசியம் என்ன? அடுத்த பந்து காப்டனிடம் போனதும் ஒருவன் வந்து தோளால் ஒரு இடி இடித்துப் பந்தை எடுத்துக்கொண்டு போனான். காப்டன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். விசில் ஊதப்படவில்லை, ஏனென்றால் நடுவர் அன்றைக்கு சமஸ்தானத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். காப்டனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையை மறைக்க அல்ல.

இருந்தும் இவர் ஒரு கோல் போட்டார். காப்டன் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்ததால் கை தூக்க முடியாத நேரத்தில் போட்ட கோல் அது. தங்கவயல்காரர்களும் ஒன்று போட்டார்கள். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருந்தன. அப்போது இடது ஓரத்தில் இவருக்குப் பந்து கிடைத்தது.

அன்றுவரை கேட்டது அத்தனையும் உண்மை என்று அப்போது கண்ணால் பார்த்தேன். ஒருவனைத் தாண்டினார். இன்னொருவனை நிற்க வைத்துவிட்டு உள்ளே திரும்பினார். கோல் காக்கிறவன் காலில் வந்து பாய்ந்தான், அவனையும் தாண்டிவிட்டார். எதிரே திறந்த கோல். காலால் தட்ட வேண்டாம், ஊதினாலே உள்ளே போகும் தூரம். நான் திரையைக் கிழிக்கிறமாதிரி பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே எனக்குத் தோன்றியது.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. “இங்கே! இங்கே!”

இவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தைப் பின்னால் தள்ளிக் காப்டனுக்குக் கொடுத்தார்.

காப்டன் பலமாகக் காலை வீசினார். பூட்ஸ் முனை மண்ணைத் தோண்டியது. பந்து இரண்டடி உருண்டு நின்றது. தங்கவயல்காரன் ஒருவன் அதை எடுத்து நீளமாக அடித்தான், அதைத் துரத்திப் போன இன்னொருவனை எங்கள் பக்கத்தில் தடுக்க ஆளில்லை. கோல். சிறிது நேரத்தில் விசில். காப்டனின் மனைவி என் கையைப் பிடித்து, “பாவம், உங்க வீட்டுக்காரர். அவரே போட்டிருக்கலாமே” என்றார். அந்த அம்மாளுக்கே தெரிந்திருக்கிறது.

வீட்டில் அன்றைக்குப் பற்றுப் போடவில்லை. “ஏன் கொடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“கூப்பிட்டார்.”

“கூப்பிட்டா? கோல் எதிர்ல இருந்துது!”

“கூப்பிட்டா எப்படிக் கொடுக்காம இருக்கிறது?” என்றார். உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

தோல்விக்குக் காரணம் காட்டிக் காப்டன் கமிட்டிக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்: பந்து தசரா யானையின் கால்குழியில் விழுந்துவிட்டதாம். குழிகள் இருந்தது மைதானத்தின் எதிர்க் கோடியில். அந்த அறிக்கையை முத்துமுத்தான கையெழுத்தில் நகலெடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இவர்தான்.

டிசம்பரில் பட்டியல் வந்தது. அணியில் முக்கால்வாசிப் பேரைத் திசைக்கொருவராகத் தூக்கியடித்தார்கள். இவரை மட்டும் காப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, கட்டுப்பாடு என்றால் என்னவென்று தெரிந்த ஆள் நீ ஒருவன்தான் என்று மெச்சி, தலைமைக் குமாஸ்தாவாக உயர்த்தினாராம். எங்கே? தீர்த்தஹள்ளியில். ரயிலில் ஷிமோகா வரை போய், அங்கிருந்து காட்டு வழியே பஸ்ஸில் போக வேண்டிய ஊர். அப்போதெல்லாம் மழைக்கும் காய்ச்சலுக்கும்தான் அந்தப் பக்கத்தின் பெயர் அடிபடும். இவர் ஜிலேபிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். தோற்றதற்கும் போக வேண்டும், கீழ்ப்படிந்ததற்கும் போக வேண்டும் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. ஜிலேபியை நான் தொடவில்லை.

விடுதிக் காகிதத்தை மறுபடி எடுத்தேன். கெஞ்சினேன், வாதாடினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். “புதுப் பதவில பெண்டாட்டி இல்லாம போய் நின்னா காப்டன் காதுக்குப் போகாதா?” என்பதே பதில். விடுதியில் இடம் வைத்திருக்க மறுநாள் காலை கடைசிக் கெடு. காலையில் இவர் கூடத்தில் குனிந்து படுக்கையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னுடைய பெட்டியும் பக்கத்தில் கட்டித் தயாராக இருந்தது, இவரே கட்டியது.

நான் யோசித்துச் செய்யவில்லை. காகிதத்தை ஜன்னல் மேடைமேல் வைத்தேன், பேனாவைத் திறந்து வைத்தேன். இடது கை விரலைக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஊன்றிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, தெருவுக்கே கேட்கிறமாதிரி கத்தினேன். “இங்கே! இங்கே!”

இவர் கயிற்றை விட்டார். நிமிர்ந்தார். நேராக வந்து, நான் காட்டிய இடத்தில் முழுக் கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் ஊதி உலர்த்தவும் செய்தார். அதற்குப் பிறகுதான், “என்ன காகிதம் இது?” என்று கேட்டார்.

சொன்னேன். சொல்லும்போது சிரித்துவிடுவேன் என்று நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. தூக்கின கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூசினேன். காகிதத்தை அவர் கைக்கு எட்டாதபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவர் பிடுங்க வரவில்லை. அவிழ்ந்துபோன படுக்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ கையைத் தூக்கிட்டியே,” என்றார், “நான் என்ன பண்ணுவேன்?”