எழுத்து இல்லாத கலியாணம்

'லெடிக்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு அந்த மேசையின் முன்னால் இருந்துகொண்டு தமிழ் தேடியதை இப்போது நினைத்தாலும் எனக்கு நா உலர்கிறது. ஹனோவரில், வரி அலுவலகத்தில், எங்கள் பேச்சில் வரிக் கந்தோரில், ஓர் அறை. அதிகாரி மரியாதையான மனிதர். சின்னம்மாவுக்குக் கதிரை இழுத்துக்கூடக் கொடுத்தார். சித்தப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருக்கவில்லை. அவர் விட்டுப்போன வீட்டுக்கு வாரிசு வரி கட்டவேண்டும். எவ்வளவு என்பது சின்னம்மா அவருக்கு என்ன முறை என்பதைப் பொறுத்தது. சின்னம்மாவைத் தங்கள் பதிவில் 'லெடிக்' என்றே போட்டிருக்கிறது என்றார் அதிகாரி. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மொழியிலும் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். அந்த ஒரு சொல்லை மட்டும் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"என்னவாம் பிள்ளை?"

"உங்களைக் கலியாணம் கட்டாதவ எண்டு பதிஞ்சிருக்காம், சின்னம்மா."

"கட்டாதவவோ? அப்ப ஆற்றை தாலியை நான் கழட்டி வைச்சனான்?"

அதை அப்படியே ஜெர்மனில் சொன்னேன். காணாமற்போன நகையைப் பற்றிய முறைப்பாடு மாதிரி அது அங்கே போய் விழுந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை 'எழுத்து' என்போம். மேளமும் தாலியும் சோறும்தான் கலியாணம். எழுத்து என்பது பதிவுகாரர் வந்து ஒப்பம் வாங்கிக்கொண்டு போகிற சின்ன வேலை. அம்மாவின் தங்கையான சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் தாலி கட்டு நடந்தது இந்த நாட்டில்தான், நகர எல்லையில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில். ஓமப் புகைக்குப் பயந்து மண்டபக்காரன் யன்னல்களை எல்லாம் திறந்துவிட்டான். வெளியே உறைபனி. நாங்கள் கோட்டும் கையுறையுமாக நின்று அட்சதை போட்டோம். எழுத்துக்குப் போனபோது நகரசபைப் பதிவாளர் யாழ்ப்பாணத்திலிருந்து பிறப்புப் பத்திரமும், முன்பு மணமாகவில்லை என்ற சான்றும் கேட்டார். அங்கேயோ போர், பாதை பூட்டு, பத்திரம் கொடுக்கிற அரச கந்தோரான கச்சேரி இருந்த இடத்தில் குண்டு விழுந்திருந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். சித்தப்பா உணவகச் சமையலறைக்கும் சின்னம்மா கந்தோர் துப்புரவுக்கும் ஓடிய ஓட்டத்தில் அந்தப் 'பிறகு' வரவேயில்லை. ஞாபகப்படுத்தினால் சித்தப்பா சிரிப்பார். "ஊர் பார்க்கக் கட்டினனான். இனி ஆருக்கு எழுதிக் காட்டுறது?"

வீடு கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் சித்தப்பாவின் பெயரில் வாங்கினார்கள். அகதியாக வந்தவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாதே, ஆகவே இரண்டு பேருமே அதைக் கண்ணால் கண்டதில்லை. குசினிச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று சின்னம்மா தொலைபேசியில் தகராறு பட்டதை நான் கேட்டிருக்கிறேன். மங்கலான பச்சைதான் வேண்டும், மஞ்சள் என்றால் பணம் அனுப்பமாட்டேன் என்று நின்றார். கடல் இரையும் சத்தம் வீட்டுக்குள் கேட்குமாம். வயது போனபின் அங்கே போய் இருப்பதுதான் இரண்டு பேரின் ஒரே எண்ணம். நெஞ்சுவலி வந்த பிறகு சித்தப்பா தன் கையாலேயே உயில் எழுதினார். அதனால் வீடு சின்னம்மாவுக்கு வந்தது. உயிலால் அவரை மனைவி ஆக்க முடியவில்லை.

இலங்கையில் இருக்கிற வீட்டுக்கு இங்கே என்ன வரி என்று தமிழ்க்கடையில் ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள். இங்கே வசிப்பவரின் சொத்து உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் வரும் என்று வரி ஆலோசகர் முடித்துவிட்டார். எழுத்து இருந்திருந்தால் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. எழுத்து இல்லாதபடியால் உறவே இல்லாத அந்நியருக்குப் போடும் வரி. கலியாணப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினோம். அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டி, கூறைச்சேலை நல்ல அழகு என்றார். மனதாரத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வரியைக் கட்டலாம் பிள்ளை," என்றார் சின்னம்மா, டிராமுக்குக் காத்து நிற்கும்போது. "அவருக்கு நான் பிறத்தியாள் எண்டு ஒப்பம் வைக்கிறதுதான் ஏலாமக் கிடக்கு."

ஆனாலும் ஒப்பம் வைத்தார். வரி கட்ட வேறு வழி இல்லாமல் வீட்டை விற்றார். விற்று முடிந்த அன்று, அங்கே கடல் சத்தம் உண்மையாகவே கேட்குமா என்று தரகரிடம் கேட்கச் சொன்னார். தரகர் சற்று யோசித்து, பஸ் சத்தம்தான் கேட்கும் என்றார். சின்னம்மாவின் மனம் ஆறட்டும் என்று சொன்னாரோ, உள்ளதைச் சொன்னாரோ, தெரியாது. சின்னம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு அவரைத் தொடவே பயமாக இருந்தது.

இப்போது எங்கள் பிள்ளைகள் எழுத்தை முடித்த கையோடுதான் மண்டபம் எடுக்கிறார்கள். அந்தப் புத்தி எங்கள் வீட்டுக்கு வந்தது சின்னம்மாவால். வீட்டை விற்றுச் சில வருடங்களுக்குப் பிறகு நடந்த என் கலியாணத்தில், "முதல் எழுத்து, பிறகு மேளம்" என்று எங்களைப் பதிவுக் கந்தோருக்கு இழுத்துக்கொண்டு போனதே அவர்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சாட்சிக் கையெழுத்தும் வைத்தார்.

அடுத்த நாள் தாலிகட்டு. தாலியைத் தட்டில் வைத்துச் சபையோர் தொட்டு ஆசீர்வதிக்கக் கொண்டு போனார்கள். மணவறையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னம்மாவின் முறை வந்தபோது, தட்டைக் கொண்டுவந்த மாமி, தாலி கழற்றியவர் தொட்டால் ஆகாது என்று, அவரைத் தாண்டிப் பக்கத்துக் கதிரைக்கு நீட்டினார். சின்னம்மாவின் தாலிகட்டில் கோட்டும் கையுறையுமாக அட்சதை போட்டவர்களில் அந்த மாமியும் ஒருவர். வரிசையில் மற்றவர்கள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நீட்டிய கையைச் சின்னம்மா மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் என் பக்கத்தில் வந்து இருந்தார். எனக்கு அழுகை முட்டியது. மணப்பெண் அழக்கூடாது என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, அந்த வரிசையைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்கு வரிக் கந்தோருக்கு இவையளைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்."