பஸ்ஸில் நானோ வெள்ளி

இன்று காலை நாமக்கல்லிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா, காய்ச்சலில் துவண்டிருந்த கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கப் போனார். பாட்டிலில் ‘நானோ வெள்ளி’ என்றிருந்தது.

என் ஆராய்ச்சியே அந்த மிகநுண்ணிய வெள்ளித் துகள்களைப் பற்றித்தான். பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“ஏனுங்க, கைய உடுங்க!” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“டாக்டர் கொடுத்ததுங்களா அக்கா?”

“இல்லீங்க, எங்க ஊட்டுக்காரரு ஆன்லைன்ல வாங்குனாருங்க. கிருமியக் கொல்லுமாமுங்க.”

“கொல்லுமுங்க. கிருமியச் சுத்தியிருக்கற கொழுப்புத் தோலை ஓட்டை போட்டுக் கொல்லும். நம்ம உடம்பு செல்லுக்கும் அதே மாதிரி தோலுதானுங்க.”

குழந்தையை இறுக்கிக்கொண்டார். “அப்ப எம்புள்ளைக்கும் ஓட்டை போட்டுருமுங்களா?”

“எவ்வளவு போனா போடும்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலீங்க.”

பாட்டிலை மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேலம் வரும்வரை குழந்தை அழுதது. மருந்தைத் தடுத்துவிட்டேனே, ஏதாவது ஆகிவிட்டால் என்னால்தானே என்று பயமாக இருந்தது.

மனசு கேட்காமல், அவர் குழந்தையைத் தூக்கிப்போன அஸ்தம்பட்டி கிளினிக் வரை கூடவே போனேன். பாட்டிலைப் பார்த்த டாக்டர் குப்பைத்தொட்டியைக் காட்டினார். குழந்தைக்குத் தொண்டையில் புண்ணாம், மருந்து கொடுத்தார். அதற்கப்புறம்தான் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“தெரியலீங்க” என்று சொல்லி ஒருவரை நம்பவைத்திருக்கிறேன். என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் கைடிடம் இந்தப் பதில் எடுபடுமா, அனுபவசாலிகள் சொல்லுங்கள்.