பீடத்தில் வைக்காத சாமான்

அந்தமானில், மாயாபந்தரில் எங்கள் தகரக் கூரை வேதக் கோயிலுக்கென்று தனிச் சாமியார் கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் வருவார். அறுபதுகளில் ஒரு வருஷம், மே முதல் தேதி தொழிலாளர் சூசையப்பர் திருநாளுக்குச் சரியாக வந்து சேர்ந்தார். அவரவர் தொழில் சாமானைப் பீடத்தில் கொண்டுவந்து வையுங்கள், மந்திரித்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

என் வீட்டுக்காரர் தச்சர். அவருக்கென்ன கவலை, இயேசுவை வளர்த்த சூசையப்பரே தச்சர்தானே! உளிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரி ஆயா. எழுந்திருக்க முடியாத நோயாளிகளுக்குப் பெட்பேன் வைப்பதும், எடுத்துக் கொட்டிக் கழுவுவதும்தான் என் வேலை.

"நான் எதைக் கொண்டுபோவ?" என்று அவரிடம் கேட்டேன்.

"ஏட்டி, பெட்பேனைத் தூக்கிட்டு வந்துராத. சூசையப்பரு மூக்கைப் பொத்திக்கிடுவாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை இயேசுவுக்கு யார் கால் கழுவிவிட்டார்கள்? மாதாதானே? அதை ஏன் ஒருவரும் படமாக வரையவில்லை? இப்படி வாய் கிழியப் பேசினேனே தவிர, துணிச்சல் வரவில்லை. மலையாளத்து நர்ஸம்மாவிடம் தெர்மாமீட்டரை இரவல் கேட்டேன். "ஜல்தி வாபஸ் தரணும், கேட்டோ?" என்று, சீக்கிரம் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தார்.

பீடத்தில் உளி, கொத்துக்கரண்டி, மீன்வலை, தையல்காரரின் கத்தரிக்கோல். நடுவில் என் தெர்மாமீட்டர். சாமியார் தீர்த்தம் தெளித்தார். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். எனக்கு மட்டும் திருடிவிட்டு நிற்பதுபோல இருந்தது. இப்போது மந்திரித்தது நர்ஸம்மாவின் வேலையையா, என் வேலையையா? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பாவமென்று சொல்லலாமென்றால், வாய் திறந்து நான் எந்தப் பொய்யும் சொல்லவில்லையே.

திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்த சாமியாருக்கு மலேரியா கண்டு, எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். ஆண்கள் பக்கம் பார்க்கிற ஆள் லீவில் இருந்ததால் அதுவும் என் தலையில் விழுந்திருந்தது. குளிர் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மத்தியானம் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். என்ன வேண்டுமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. பெட்பேனை எடுத்துக்கொண்டு போனேன்.

"மன்னிச்சுக்கம்மா," என்றார்.

எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "சாமி, அன்னைக்குப் பீடத்துல வச்ச தெர்மாமீட்டரு நர்ஸம்மாவோடது. என் சாமான் இதுதான். கொண்டு வர வெக்கமா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டேன்.

என்னையே பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கினார். அது மேலிருந்து கீழே வந்தது, இப்படியும் அப்படியும் ஆடியது, போர்வையில் விழுந்தது. சிலுவை போட்டாரா? குளிர் நடுக்கமா? பேசாமல் வேலையைப் பார் என்றாரா?

குணமாகிக் கப்பலேறியபோது அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது சிலுவை இல்லையென்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்தான்.

மந்திரித்த பொருளைக் கால்படும் இடத்தில் போடக்கூடாது என்பார்கள். பெட்பேன்களோ கக்கூஸ் ஓரத்தில் தரையில்தான் கிடக்கும். அன்று சாமியாருக்கு வைத்ததைத் தனியாக எடுத்து வைக்கலாமென்று போனேன். ஆஸ்பத்திரியில் இருந்ததே ஆறு, ஆறும் ஒரே மாதிரி வெள்ளைப் பீங்கான் பூச்சு. கழுவிக் கவிழ்த்த பிறகு எது அது என்று தெரியவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தேன், அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் ஆறையும் சுவர்ப் பலகைமேல் ஏற்றி வைத்தேன். உனக்குப் பைத்தியமா என்று நர்ஸம்மா கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் வேலையை விட்ட நாள்வரை, எதற்கும் இருக்கட்டும் என்று, ஆறையுமே அதுவாக நினைத்துத்தான் கழுவினேன்.