சேகர் வேனுக்குப் போட்ட பூசை

இன்று காலை புக்கிட் செலம்பாவில் எங்கள் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணனும் அவர் தம்பி சேகரும் அடித்துக்கொண்டார்கள்.

எம்சிஓ ஊரடங்கில் மாவட்டம் தாண்ட விட்டுவிட்டார்கள், மாநில எல்லை இன்னும் திறக்கவில்லை. அதனால் வேறு மாவட்டத்தில், மெர்கோங்கில் இருக்கும் சேகர், மாநிலத்துக்குள்ளேயே சுற்றிவர ஒரு வேனுக்குள் மெத்தையும் அடுப்பும் வைத்துக் கேரவனாக்கி, பூசை போட அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சூடத்தட்டு என் கையில்.

"பிள்ளைங்களோட தஞ்சோங் டாவாய் கடற்கரையில ரெண்டு நாள் ஹாலிடே லா, அண்ணே. நீங்களே தேங்கா உடைங்க."

அண்ணன் தேங்காயை வாங்கிக்கொண்டார்.

"போன மாசம் அம்மாவுக்குச் சின்ன மவன் நீதான் கொள்ளி வச்சிருக்கணும். போலீஸ் ரோட்பிளாக்னு சொல்லி வராம இருந்துட்ட."

"அப்ப டிஸ்ட்ரிக் தாண்ட முடியாதுண்ணே."

"சாவுன்னு சொன்னா போலீஸ் வுட்டாங்கடா. நீ போய்க் கேக்கவே இல்ல."

தேங்காய் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. சேகர் அண்ணனின் கழுத்தைப் பிடித்தான். அண்ணன் அவன் தலையை வேன் கதவில் மோதினார். இருவரும் ரத்தத்தோடு தரையில் உருண்டார்கள். ஒரு மீட்டர் இடைவெளியை நான்தான் நடுவில் விழுந்து உண்டாக்கினேன்.

திருஷ்டி கழிந்தது என்கிறாள் என் மனைவி.

அவன் தேங்காய் உடைக்கச் சொன்னான், இவர் உடைத்தார். இதில் தப்பு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள்.