பழனியப்பன் கட்டிய பூச்சி

ராசிபுரத்தில் நெய் டின் ஏற்றிக்கொண்டிருந்தேன். புக்கிங் ஆபீஸ்காரர் ஓடிவந்து, "பழனியப்பண்ணன் போயிட்டாருங்க. மாரடைப்பு" என்றார். லோடைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சங்ககிரிக்குப் பஸ் ஏறினேன்.

பல வருடம் ஒரே லாரியில் மாறி மாறி ஸ்டியரிங் பிடித்தவர்கள் நாங்கள். அவருடைய முன்கோபம் சங்ககிரி லாரிக்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கியர் கரகரத்தால் என் பாட்டன்வரை இழுத்துத் திட்டுவார். அதே மனிதர், லோடு கிடைக்காத நாட்களில் கேபினில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீனை ஏமாற்றும் பொய்ப் பூச்சி கட்டுவார். சின்னத் தூண்டில் கொக்கியில் பழுப்புச் சேவலின் இறகிழைகளை வைத்து, எரிந்துபோன டைனமோவிலிருந்து உருவிய செம்புக் கம்பியால் சுற்றுவார். ஓடைக் கல்லுக்கடியில் கிடக்கும் இளம்பூச்சி அப்படித்தான் இருக்குமாம். "கம்பி கனத்துலயே முழுகிப்போயிரும். மீனுக்குச் சந்தேகமே வராதுங்க" என்பார். ஊட்டிக்கு லோடு கிடைத்தால் போதும், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு டிரவுட் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

எழுபதுகளின் கடைசியில் அப்படி ஒரு காலை, ஊட்டி ஓடைக்கரையில். தண்ணீருக்குள் போன பூச்சி கண்ணுக்குத் தெரியாது. மிதக்கும் நூல் சட்டென்று நின்றால் மீன் கடித்ததாக அர்த்தம். நூல் நின்றது. தூக்கினார், தவறிவிட்டது. மறுபடி வீசத் தூண்டில் கோலைப் பின்னால் கொண்டுபோனபோது காற்று திரும்பியது. பின்னால் நின்ற என் வலது கீழிமையில் சுருக்கென்றது. தொட்டால் செம்புக் கம்பி.

"ஏனுங்கண்ணா, கண்ணு போயிருச்சுங்களா?"

"பேசாதீங்க சாமி. சிமிட்டாதீங்க."

கண் போனால் லைசென்ஸ் போகும். எனக்கு வேறு பிழைப்பு தெரியாது.

தூண்டில் கொக்கியின் நுனியில் பின்னோக்கி ஒரு குட்டி முள் இருக்கும். குத்தியதை அது விடாது. மீனைக் காயமில்லாமல் விட வேண்டுமென்று அதைக் குறடால் நசுக்கிவிடுவது அவர் வழக்கம். "இதுல நசுக்குனனா இல்லியான்னு நெனப்பில்லீங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

மலைப்பாதையில் குலுங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நுனி கருவிழியில் ஏறிவிடும் என்று பயந்தார். இமையைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்து, கொக்கியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். அசைந்தது. நின்றது. முள் இருக்கிறது, தீர்ந்தது என்று நினைத்தேன். பிறகு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, தூரத்தில் நின்ற எங்கள் வண்டியின் நம்பரைக் கேட்டார். சொன்னேன்.

"அது மனப்பாடமுங்க. எத்தன வெரலு?"

"மூணுங்கண்ணா."

அந்த முன்கோபக்காரர் ஈரப் புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு என்னைத் தன் கண்ணெதிரே உட்காரவைக்காமல் அவர் கோலைத் தொட்டதில்லை.

கட்டிவைத்த பூச்சிகளை அவர் மகன் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவர் கொடுத்துப்போனது இந்த வலது கண். பஸ் ஏறிப் போன அன்று சங்ககிரியில், அவர் காப்பாற்றிக் கொடுத்த கண்ணாலேயே அவரைப் பிணமாகப் பார்க்க வேண்டியிருந்தது.