கம்பெனியின் கதவில் ஜாசிப் எழுதியது

பஸ்ராவில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் கொடுப்பது அரசாங்கம் இல்லை, ஜாசிப்தான். தெருமுனையில் டீசல் ஜெனரேட்டர் வைத்து நூற்று நாற்பது வீடுகளுக்குக் கம்பி இழுத்திருக்கிறான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கைபேசியில் பேசத் தெரியும், அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் என் செல்போன் ரிப்பேர் கடைக்குத்தான் வருவான். அதனால் இந்த விவகாரம் முழுவதும் என் கண் முன்னால்தான் நடந்தது.

அவனுடைய ஒரே மகள் தபாரக், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை கேட்டும் உப்பில்லாத தண்ணீர் கேட்டும் இளவட்டங்கள் சாலையில் உட்கார்ந்தபோது, கண்ணீர்ப்புகை பட்டவர்களுக்குக் கண் கழுவிவிடப் போனாள். அதுதான் அவள் செய்த குற்றம். மறுவாரம், மூன்று லட்சம் பேர் பார்க்கிற ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில் அவளும் போராட்டக்காரப் பையன் ஒருவனும் நிற்கும் படம் வந்தது. ‘அந்நியத் தூதரகத்தின் கூலிகள். இவர்கள் ரத்தம் சிந்தினால் பாவமில்லை.’ கீழே ஆஸ்பத்திரியின் பெயர், எங்கள் தெருவின் பெயர். ஒன்பதாம் நாள் அந்தப் பையனை அவன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கே ஜாசிப் மகளை வடக்கே சுலைமானியாவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். படம் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கவில்லை. அது இறங்காமல் அவள் ஊர் திரும்ப முடியாது.

அவனுக்காக, அந்த வலைத்தளத்தை நடத்தும் கம்பெனிக்குப் புகார் அனுப்பியவன் நான். இரண்டு நாளில் பதில் வந்தது: ‘பரிசீலித்தோம். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை.’

“பரிசீலிச்சாங்களா? யாரு பரிசீலிச்சது?” என்றான் ஜாசிப்.

“ஏதாவது மிஷினா இருக்கும் அண்ணே.”

“மிஷினா? என்கிட்டயும்தான் ஒரு மிஷின் ஓடுது. அது கெட்டுப்போச்சுன்னா சனங்க மிஷினையா திட்டுறாங்க? என் சட்டையத்தானே புடிக்கிறாங்க!”

அந்தக் கம்பெனியில் ஆயிரமாயிரம் பேர் பெரிய படிப்புப் படித்தவர்களாம். இந்த ஒரு கேள்வி அவர்களில் ஒருத்தனுக்காவது தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும். சம்பளம் வாயை அடைத்திருக்கும்.

அடுத்து ஜாசிப் செய்த காரியத்தை ஜெனரேட்டர்காரன் மட்டும்தான் செய்வான். வீட்டுக்கொரு புகார் கம்பெனிக்கு அனுப்பினால்தான் மத்தியான மின்சாரம் என்று சொல்லிவிட்டான். வெளியே ஐம்பது டிகிரி வெயில். குளிர்சாதனம் நின்றால் உயிர் போய்விடும். தெருவே என் கடை வாசலில் வந்து நின்றது. பல்லில்லாத கிழவர்கள்கூடப் பேரனின் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே மணி நேரத்தில் நூற்று நாற்பது புகார், எல்லாம் ஒரே தெருவிலிருந்து, என் கடை வைஃபையில். கம்பெனி உடனே விழித்துக்கொண்டது. ‘திட்டமிட்ட துன்புறுத்தல்’ என்று சொல்லி என் கணக்கை முடக்கியது! கொல்லச் சொன்னவன் விதிக்குள் இருக்கிறான், கொல்லாதே என்று கெஞ்சியவன் விதியை மீறிவிட்டான். தூ!

கம்பெனிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியே பதினான்கு மாதங்கள் ஓடின. ஒருநாள் என் தம்பியின் போனில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் கவனித்தேன். பக்கத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார்கள்! எங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பவன் முஹன்னத். கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ், கதவு நிறையக் கம்பெனியின் முத்திரை.

ஜாசிப்புக்கு இதைச் சொன்னேன். மறுநாள் காலை சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு போய், அந்தக் கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டு வந்தான்: ‘குலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன்.’

எங்கள் ஊரில் அப்படி எழுதிவிட்டால், குலத்தோடு கணக்குத் தீரும்வரை அந்த வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். போலீஸ்காரன்கூட எதிர்ப்பக்கமாக நடப்பான். நான்காம் நாள் முஹன்னத் சமாதானம் பேச ஆள் அனுப்பினான். பதினான்கு மாதம் எழுதிய கடிதங்களுக்கு அசையாத கம்பெனி, ஒரு டப்பா பெயின்டுக்கு அசைந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் குலத்து விருந்து மண்டபத்தில் கூடினோம். முஹன்னத் தன் பக்கம் பேச நான்கு ஷேக்குகளோடு, அதாவது குலத்தலைவர்களோடு, வந்தான். அசல் ஷேக்குகளா அவர்கள்? கல்யாணத்துக்கு நாற்காலி எடுப்பது போல வாடகைக்கு எடுத்தவர்கள். ஒருத்தருடைய அங்கியில் சலவைக்கடைச் சீட்டுகூட இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கப்படி அவர்கள் முன்னால் காபி வைத்தோம். வழக்கப்படி அவர்களும் வந்த காரியம் முடியாமல் குடிக்க மாட்டோம் என்று கீழே வைத்தார்கள்.

“அண்ணே, நாங்க வெறும் மேடை. யாரோ ஏறிப் பேசினா மேடை என்ன பண்ணும்?” என்றான் முஹன்னத். பளபளவென்று முகம், அதைவிடப் பளபளவென்று பேச்சு.

எங்கள் ஷேக் ஷனாவா தொண்டையைச் செருமினார். “தம்பி, கொல்லப் போனவனுக்கு வண்டி குடுத்தவன் இதே பாயில உக்காந்து, ‘வண்டி மட்டும்தான் குடுத்தேன்’னு அழுதிருக்கான். அவனையும் சேத்துத்தான் தண்டிச்சோம். நீ வண்டியும் குடுத்து வாடகையும் வாங்கியிருக்க.”

“படத்தை எடுக்கிறது என் கையில இல்ல ஷேக். எல்லாம் வெளிநாட்டுல. என்ன நஷ்டஈடு வேணும்னு சொல்லுங்க, குடுத்துடுறேன்.”

“உன் காசு எனக்கு எதுக்கு?” என்றான் ஜாசிப். “ஒண்ணே ஒண்ணு பண்ணு. உனக்குப் பொண்ணு இருக்குல்ல? பேரு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். நீயே உன் கையால அது படத்தை அந்தப் பக்கத்துல போடு. பள்ளிக்கூடத்துப் பேரு, வேன் எத்தனை மணிக்கு வருது, எல்லாம் போடு. கீழ என் பொண்ணுக்குப் போட்ட அதே வரி. ஒரே ஒரு நாள் இருக்கட்டும். உங்க விதிப்படி தப்பில்லைன்னு எழுதியே குடுத்திருக்கீங்க.”

முஹன்னத் துள்ளி எழுந்தான். “என்னய்யா மனுஷன் நீ! சின்னப் பொண்ணுய்யா அது! எவனாவது கொன்னுட்டா?”

தான் சொன்னது அவன் காதிலேயே விழ ஒரு நிமிஷம் ஆயிற்று. முகத்தில் இருந்த பளபளப்பு எங்கே போனதோ. வாடகை ஷேக்குகள் நால்வரும் பாயைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பெரிய வாடிக்கையாளர்களுக்கென்று தனி நம்பர் இருக்கிறதாம்! அதில் பேச ஒரு மனிதன் இருக்கிறானாம்! நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடத்தில் படம் காணாமல் போனது. பதினான்கு மாதமாக எங்கே போயிருந்தான் அந்த மனிதன்? பெற்ற தகப்பன் கதறினால் கேட்காத காது, தரகன் கூப்பிட்டால் மட்டும் கேட்கிறது. இவர்களுக்கும் கூலிக்குச் சுடுகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவனாவது முகத்தை மூடிக்கொள்கிறான்.

ஜாசிப் அங்கேயே, எல்லோர் முன்னாலும் மகளைக் கூப்பிட்டான். சத்தமாக வைக்கச் சொன்னான்.

“மகளே, எடுத்துட்டாங்கம்மா. இறங்கிடுச்சு. இனிமே நீ வீட்டுக்கு வரலாம்.”

அந்தப் பக்கமிருந்து தபாரக் கேட்டாள்:

“எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு அங்க போட்டிருக்குமே, கேட்டியா பாபா?”

ஜாசிப் முஹன்னத்தைப் பார்த்தான். முஹன்னத் தயங்கிக்கொண்டே சொன்னான்: ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

“அவங்ககிட்டேருந்தெல்லாம் என் மூஞ்சிய யாரு பாபா எடுப்பாங்க?” என்றாள் தபாரக்.