சுரண்டி எடுத்த மனிதர்

பேய், பிசாசு, சாமி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று எழுந்து போய்விடுவீர்கள். கும்பகோணத்தில் என் ஸ்டூடியோவை ராகு காலம் பார்த்துத் திறந்தவன் நான். ஊரே எமகண்டத்தில் வெளியே கிளம்ப யோசிக்கும், நான் வேண்டுமென்றே அப்போதுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். கறுப்புச் சட்டைதான் போடுவேன். பூனை குறுக்கே வந்தால் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவேன்.

போன மாதம் என் மகள் சிங்கப்பூரிலிருந்து வந்தாள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்து, போனில் எடுத்த படங்களை என் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருந்தாள். கோபுர வாசலில் யாரோ ஒருத்தர் நின்றார். விரலால் ஒரு தேய்ப்பு, ஆளைக் காணோம்.

"பாருங்கப்பா, இப்ப எவ்வளவு நீட்டா இருக்கு."

நான் போனை எட்டிப் பிடித்தேன். "அவரைத் திருப்பிக் கொண்டாம்மா" என்றேன். அவள் சிரித்தாள். அவளிடம் இதுவரை சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, ஐம்பது வருடமாக என் பெண்டாட்டியே நம்பவில்லை.

எங்கள் ஆட்கள் ஆட்சிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மெட்ராஸில் காலண்டர் அச்சடிக்கும் முதலாளி ஒருவர், தஞ்சை ஜில்லாவில் பெயர் பெற்ற இடங்களையெல்லாம் படம் எடுத்துத் தரச் சொன்னார். "மனுஷ நடமாட்டமே இருக்கக் கூடாது தம்பி. கோயில்னா கோயில் மட்டும்தான் தெரியணும்" என்றார். வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று பஸ் பஸ்ஸாக அலைந்தேன். சாமி கும்பிடாதவன் கோயிலைக் காட்டிச் சோறு தின்கிறான் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் ஆளில்லாத தஞ்சாவூருக்கு எங்கே போவது? எடுத்த பிறகுதான் ஆட்களை அழிக்க வேண்டும்.

அதற்கு ஒரு கைவேலை உண்டு. நெகட்டிவில் வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். நிழலில் வெள்ளை வேட்டி கட்டி ஒருவர் நின்றால், நெகட்டிவில் அந்த வேட்டி கறுப்புத் திட்டாகத் தெரியும். சவர பிளேடை உடைத்து, அதன் முனையால் அந்தத் திட்டை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டால், பிரிண்ட் போடும்போது அந்த இடமும் நிழலாகிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் நான் கெட்டிக்காரன்.

பெரிய கோயிலை எடுத்த அன்று காலை பத்து மணி இருக்கும். முதல் கோபுர வாசலின் நிழலில் ஒருவர், வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "ஏங்க, கொஞ்சம் நகருங்க" என்று இரண்டு முறை கத்தினேன். அசையவில்லை. சரி, அழித்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து உட்கார்ந்து அவரைச் சுரண்டியும் எடுத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஒரு பெண் வந்தார். பெயர் அஞ்சலை, திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமம். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்று "ஐயா" என்றார். ஐயா வேண்டாம், அண்ணன் என்று கூப்பிடுங்கள் என்று உள்ளே உட்காரவைத்தேன். எங்கள் கொள்கை அப்படி.

"அண்ணே, பெரிய கோயில் வாசல்ல நீங்க படம் புடிச்சப்ப எங்க வூட்டுக்காரரு நின்னாராம். பேரு ரத்தினம். நீங்க கெளம்பிப் போறப்ப உங்க பொட்டியில எழுதியிருந்த பேரப் பாத்தாராம், அத வச்சுத்தான் தேடி வந்தேன்."

அந்த வருடம் அறுப்புக் கூலிக்காக ஊருக்கு ஊர் தகராறு. அவர்கள் ஊர் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார், உள்ளூர்க்காரர்கள் மறித்தார்கள். நான் படம் எடுத்த அன்று காலை மிராசுதாரின் களத்தில் வைக்கோல் போர் எரிந்தது. எரித்தது ரத்தினம் என்று நான்கு நாள் கழித்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவரோ அந்த நேரத்தில் கூலி மனு கொடுக்கத் தஞ்சாவூர் போயிருக்கிறார். அதற்குச் சாட்சி என் படம்தான். அன்று மாலைக் கூட்டத்துக்காகக் கோயில் எதிரில் கட்டிய தோரண வளைவும் படத்தில் இருந்தது. அது அந்த ஒரு நாள் மட்டும் நின்றது.

"நகரச் சொல்லிக் கத்தினேனேம்மா, ஏன் அசையாம நின்னாரு?"

"உள்ள போவலாமா வேணாமான்னு நின்னாராம்ணே. அவங்க அப்பா காலத்துல எங்க ஆளுங்கள உள்ள விட மாட்டாங்கல்ல."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருந்தது எனக்கு. கத்தவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. யாருக்காகக் கறுப்புச் சட்டை போட்டேனோ அந்த ஆளைத்தான் பிளேடால் சுரண்டிக் குப்பையில் ஊதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. "இருங்கம்மா, பிரிண்ட் போட்டுக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு டார்க் ரூமுக்குள் போனேன். படம் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்ல எனக்கு ஒரு ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த அறை முன்பு நெல் கொட்டி வைத்த அறை. ஜன்னல் கிடையாது, ஐந்து எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும். உள்ளே மரத்தாழ்ப்பாள் போட்டேன். சிவப்பு பல்பு எரிந்தது. சும்மா பேருக்கு, சுரண்டிய நெகட்டிவையே போட்டு, பேப்பரில் வெளிச்சம் காட்டி, மருந்துத் தட்டில் நழுவவிட்டேன். விட்டதும் பல்பு அணைந்துவிட்டது.

கரண்ட் போய்விட்டது, நல்லதாய்ப் போயிற்று, பொய் சொல்லும் வேலை மிச்சம் என்றுதான் முதலில் நினைத்தேன். தாழ்ப்பாளைத் தூக்கினேன், வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். கதவைத் தட்டினேன், பெயர் சொல்லி அழைத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில்தான் அந்த அம்மா உட்கார்ந்திருக்கிறார், ஆனால் பதில் இல்லை. சரி, மேஜை மேல் தீப்பெட்டி இருக்கிறது என்று திரும்பி நடந்தேன். ஐந்து எட்டில் மேஜை வர வேண்டும். பத்து எட்டு வைத்தேன், பதினைந்து வைத்தேன். கையில் பட்டது மேஜையில்லை, சொரசொரப்பான சுவர். மூத்திர வாடை அடித்தது. என் அறையில் மருந்து வாடைதான் அடிக்கும்.

பயந்துவிட்டேன், மறைப்பானேன். சுவரைத் தடவிக்கொண்டே சுற்றினேன், கதவையும் காணோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது, இனிமேல் யாரும் வந்து திறக்கப் போவதில்லை என்று மனதுக்குள் உறுதியாகத் தோன்றியது. அப்போதுதான் அந்தச் சத்தம். சர்க், சர்க். பிளேடால் சுரண்டும் சத்தம், என் கையின் வேகம், இரண்டு இழுப்புக்கு ஒரு நிறுத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? என் இரண்டு கையும் சுவரில் இருந்தன.

எனக்கு முன்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்பதும் தெரிந்தது, எப்படி என்று கேட்காதீர்கள். "ரத்தினம், நான்தாங்க சுரண்டினேன், தெரியாம செஞ்சிட்டேன்" என்று வாய்விட்டு அழுதேன். சத்தம் நின்றது. ஒரு மூச்சுக்காற்று மெல்லத் திரும்பி என் முகத்தில் பட்டது.

சிவப்பு பல்பு எரிந்தது. மேஜை என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் மருந்தில் கிடந்த பேப்பர் கரியாகியிருக்க வேண்டும், ஆனால் படம் பளிச்சென்று வந்திருந்தது. வாசல் நிழலில் ரத்தினம் நின்றார். வேட்டி, துண்டு, எல்லாம் இருந்தது. முதுகைக் காட்டவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படத்தைக் கழுவிக்கொண்டு தாழ்ப்பாளைத் தொட்டேன், ஒரு விரலுக்கு வந்துவிட்டது. வெளியே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"கரண்ட் எப்பம்மா வந்துச்சு?"

"போவவே இல்லியேண்ணே. நீங்க இப்பத்தானே உள்ள போனீங்க?" அஞ்சலை படத்தை வாங்கிப் பார்த்து அழுதார். பிறகு, "இடது கண்ணு மேல என்னண்ணே, வீங்கினாப்ல இருக்கு?" என்றார்.

"பிரிண்ட்ல ஏதோ திட்டும்மா" என்றேன்.

வழக்கில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கடவுள் பெயரால் சொல்ல மாட்டேன், மனச்சாட்சிப்படி சொல்கிறேன் என்று உறுதிமொழி எடுத்தேன். நெகட்டிவ் எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். தொலைந்துவிட்டது என்று அதே மனச்சாட்சிப்படி பொய் சொன்னேன். படத்தைப் பார்த்தார்கள், தோரணத்தைப் பார்த்தார்கள், ரத்தினத்தை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்த மறுவாரம் புருஷனும் பெண்டாட்டியும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அவர் இடது கண்ணுக்கு மேல் ஆறிய வெட்டுத் தழும்பு. எப்போது பட்டது என்று கேட்டேன்.

"புடிச்சிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி அடிச்சாங்கண்ணே."

படம் எடுத்தது அதற்கு நான்கு நாள் முன்னால். படத்திலிருந்த அந்த வீக்கம் கோர்ட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.  பிறகு கேட்டேன்: "கோயில் வாசல்ல நான் படம் எடுத்தப்ப திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்லண்ணே. நீங்க கத்துனீங்க, திரும்பினா போவச் சொல்லிடுவீங்கன்னு திரும்பவே இல்ல." கொஞ்சம் யோசித்தார். "திரும்பினது லாக்கப்புலதான். ஒரு மத்தியானம், கும்மிருட்டு. என் முதுகுக்குப் பின்னால யாரோ பிளேடு வச்சு சுரண்டுறாப்ல சத்தம். திரும்பிப் பாத்தேன். பீடி நெருப்பாட்டம் செவப்பா ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது, அவ்வளவுதான்."

இதுதான் நடந்தது. அந்த நெகட்டிவ் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதில் ரத்தினம் இல்லை, சுரண்டிய தடம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலிருந்தும் நான் ஒருவரையும் சுரண்டி எடுத்ததில்லை, காலண்டர் வேலை கையைவிட்டுப் போனது, போகட்டும்.

என் மகள் அன்று என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "சரிப்பா, இந்தாங்க" என்று ஏதோ அழுத்தி, அழித்தவரைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டாள். போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். வாசலில் அவர் நின்றார், முதுகைக் காட்டிக்கொண்டு.

"அழிக்கறதுக்கு முன்னாடியும் இப்படித்தானே நின்னாரு?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"இல்லியேப்பா. கேமராவையே பாத்துக்கிட்டு நின்னாரு. அதனாலதானே அழிச்சேன்."